‘செட்டுதானே’ என்று கை வைக்காதீர்கள்

மறுபடியும் ஒரு ரீல். பழைய காலத்துக் கடைத்தெருவை அப்படியே அமைத்திருக்கும் ஒரு வெளிநாட்டு அருங்காட்சியகம். நம்மூர்க் குடும்பம் ஒன்று கயிற்றைத் தாண்டிப் போய், மளிகைக் கடைத் தராசில் கைப்பையை நிறுத்துப் பார்க்கிறது. “தொடலாமா?” என்று கீழே கமெண்டில் ஒருவர் கேட்க, “சினிமா செட் மாதிரிதாங்க, எல்லாம் டம்மி” என்று பதில். பழம்பொருட்களைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் தொழிலில் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு ரத்தக்கொதிப்பு ஏற அந்த ஒரு வரி போதும்.

டம்மி இல்லைங்க. இங்கிலாந்தில் யார்க் நகரத்துக் காசில் மியூசியத்தில் ‘கர்க்கேட்’ என்றொரு விக்டோரியா காலத் தெரு இருக்கிறது. பிக்கரிங் என்ற சிற்றூரில் வைத்தியம் பார்த்த டாக்டர் ஜான் கர்க், வழக்கொழிந்துகொண்டிருந்த அன்றாடப் பொருட்களைப் பல வருடம் தேடிச் சேர்த்தார். பெண்கள் சிறையாக இருந்த கட்டடத்துக்குள் 1938இல் அந்தத் தெரு திறந்தது. பெயரும் அவருடையதுதான். தெரு என்ற ஏற்பாடுதான் பிற்காலத்தது. கடைகளுக்குள் இருக்கும் சரக்கு பழசு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் யாரும் கை நீட்ட மாட்டார்கள். புழங்கிய இடத்தில் எப்படி இருந்ததோ அப்படியே பார்க்கட்டும் என்று இந்த மாதிரித் தெருக்களில் கண்ணாடியை எடுத்துவிட்டால், உடனே ‘செட்’ ஆகிவிடுகிறது!

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. டோக்கியோவின் ஃபுகாகாவா எடோ அருங்காட்சியகத்தில் 1840 வாக்கில் இருந்த சாகா-சோ பகுதியைப் புதிதாகவே கட்டியிருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் ஏறலாம், பாத்திரத்தை எடுத்துப் பார்க்கலாம். ஒசாகாவின் வீட்டு வாழ்க்கை அருங்காட்சியகத்திலும் 1830களின் தெருவுக்குள் நீங்கள் பாட்டுக்கு நடக்கலாம். அங்கே பழகிய கை அடுத்த ஊரில் சும்மா இருக்காது. “ஜப்பானில் விட்டாங்களே” என்று யார்க்கில் வாதாடிப் பயனில்லை. ஒவ்வோர் இடத்திலும் வாசல் பலகையைப் படியுங்கள். சந்தேகமா, கேளுங்கள்; பழைய காலத்து உடையில் கடையில் நிற்பவரும் ஊழியர்தான். நம் சென்னைக்குப் பக்கத்து முட்டுக்காடு தட்சிணசித்ராவில் இருப்பவற்றில் பலவும் வெவ்வேறு ஊர்களில் பிரித்து, ஏற்றிக் கொண்டுவந்து, மறுபடி கட்டிய வீடுகள். அங்கே ஒரு தூணில் சாவியால் பெயரைக் கீறினால் மாற்றுத் தூணுக்கு எங்கே போவது?

“ஒரு தடவை தொட்டால் என்ன ஆகிவிடும்?” அன்றைக்கு ஒன்றும் ஆகாது. வியர்வையிலுள்ள உப்பும் அமிலமும் பித்தளையில் தங்கி மெல்ல மெல்ல அரிக்கும். பிறகு பார்த்தால் ஐந்து விரலும் பழுப்பாகப் பதிந்திருக்கும். அதைத் தேய்த்து எடுக்க எடுக்க, உலோகமும் கூடவே போகும். இதையே உங்களுக்குப் பின்னால் வருகிற ஆயிரம் பேரும் கேட்கிறார்கள்.

உங்கள் உடம்புக்காகவும் சொல்கிறேன். அந்தக் காலத்தில் செத்த பறவைகளைக் கெடாமல் பாடம் செய்து வைக்க, ஆர்செனிக் என்ற நஞ்சு கலந்த சோப்பு பூசினார்கள். பச்சைச் சாயத் துணி, பச்சைச் சுவர்க் காகிதம் பலவற்றில் அதே ஆர்செனிக் உண்டு. ஃபெல்ட் தொப்பி தயாரிப்பில் பாதரசம் புழங்கியது. மருந்துக்கடை ஜாடிகளில் பழைய சரக்கே இன்னும் இருக்கலாம். நாங்களே கையுறை போட்டுத்தான் எடுப்போம். குழந்தை அதைத் தடவிவிட்டு அதே கையால் பிஸ்கட் தின்னப் போகிறது. பிஸ்கட்டும் வெளியில்தான், சிந்தும் தூளுக்குப் பூச்சி வரும், வந்த பூச்சி துணியையும் காகிதத்தையும் விடாது.

அடுத்த புகார், “ஒரே இருட்டு.” இருட்டாகத்தான் இருக்கும். துணி, காகிதம் உள்ள இடத்தில் 50 லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வழக்கமான உச்சவரம்பு. உங்கள் அலுவலக மேசை மேல் 300, 500 லக்ஸ் இருக்கும். வெயிலிலிருந்து வந்ததும் விறுவிறுவென்று நடக்காதீர்கள். கண் பழகச் சில நிமிடங்கள் ஆகும், கீழே உருளைக்கல் பாவிய தரையும் நடைபாதை விளிம்பும் இருக்கும். ஃபிளாஷ் பட்டதும் சாயம் வெளுத்துவிடும் என்று நான் பயமுறுத்த மாட்டேன். அதன் பாதிப்பு மிகக் குறைவு. ஆனால் அந்த இருட்டில் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு நொடி கண் தெரியாது. அவர் தடுமாறிக் கையை ஊன்றுவது எங்கள் அலமாரி மேல்தான்.

தட்டை அடிச் செருப்பு போடுங்கள், ஹீல்ஸ் கல் இடுக்கில் மாட்டும். முதுகுப்பையை லாக்கரில் வையுங்கள், முடியாவிட்டால் முன்பக்கம் மாட்டுங்கள். திரும்பும்போது தட்டிவிடுவது முதுகில் தொங்கும் பைதான். செல்ஃபி ஸ்டிக் வேண்டாம். நனைந்த குடை வாசலோடு நிற்கட்டும். தண்ணீர்த் தொட்டியில் காசு போடாதீர்கள், செம்பு கரைந்து பச்சைக் கறை பிடிக்கும். ஒசாகாவில் பகல் இரவாக மாறுவதுபோல் விளக்கும் ஒலியும் மாறும், சின்னக் குழந்தைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள். பழைய பயணக் குறிப்பை நம்பிக் கிளம்பாதீர்கள்: லண்டனில் ‘லண்டன் வால்’ சாலையில் இருந்த லண்டன் மியூசியம் 2022 டிசம்பரிலேயே மூடியாயிற்று, அதிலிருந்த ‘விக்டோரியன் வாக்’ என்ற பழைய காலத் தெருவும் சேர்த்துத்தான். தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

கடைசியாக, கெஞ்சிக் கேட்கிறேன். கை தவறி ஏதாவது உடைந்துவிட்டால் நழுவிப் போய்விடாதீர்கள். துண்டுகளைப் பொறுக்காமல், யாரும் மிதிக்காதபடி அங்கேயே நின்று ஊழியரைக் கூப்பிடுங்கள். நகக்கண் அளவு சில்லுகூட ஒட்டுவதற்குத் தேவைப்படும். தெரியாமல் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தாலும் அப்படியே திருப்பி அனுப்புங்கள். ஃபெவிக்விக் மட்டும் போடாதீர்கள். அதைக் கரைத்து எடுப்பதற்குள் பழைய வண்ணப்பூச்சும் உரிந்து வந்துவிடும்.