கொரியாவில் இங்கிலீஷ் டீச்சர் வேலையா? காசு கட்ட முன்னர் இதை வாசியுங்கள்

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு பிள்ளை. எச்.என்.டி.ஈ. என்ற ஆங்கில உயர் தேசிய டிப்ளோமா முடித்தவள், ஆங்கிலம் சரளமாக வரும். தென்கொரியாவில் ஆங்கில ஆசிரியை வேலை இருக்கிறது என்று ஒரு ஏஜென்சிக்காரர் சொல்ல, தாய் நகையை அடகு வைத்தார், சீட்டையும் கழித்து எடுத்தார். எட்டு மாதம் கழித்து அந்தப் பிள்ளை என்னிடம் வந்தபோது கையில் இருந்தது ஒரு ரசீது மட்டும். அதில் 'ஆலோசனைக் கட்டணம்' என்று எழுதியிருந்தது. வேலை என்ற சொல்லே அதில் இல்லை.

அந்த வேலை அவளுக்குக் கிடைக்க வழியே இல்லை என்பது காசு வாங்கியவருக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். கொரியா ஆங்கில ஆசிரியர்களுக்குக் கொடுப்பது இ-2 விசா. அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்குத்தான் அது. உங்கள் ஆங்கிலம் எவ்வளவு திறமாக இருந்தாலும் இலங்கைக் கடவுச்சீட்டு அந்தப் பட்டியலில் இல்லை. நம்மவர் கொரியா போவது இ-9 விசாவில், கொரிய மொழிப் பரீட்சை எழுதி, தொழிற்சாலைக்கும் பண்ணைக்கும். அதையும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நேரடியாகச் செய்கிறது, இடையில் ஏஜென்சிக்கு வேலையே கிடையாது.

ஆகவே யாராவது ஒரு நாட்டின் பெயரைச் சொன்னால் முதலில் விசாவின் பெயரைக் கேளுங்கள். சம்பளம், தங்குமிடம், போகும் திகதி எல்லாம் பிறகு. விசாவின் பெயர் சொல்லத் தெரியாதவரிடம் ஒரு தேநீர் குடிக்கக்கூட உட்காராதீர்கள்.

சீனாவின் விதி, மொழி ஆசிரியர் தன் தாய்மொழியைக் கற்பிக்க வேண்டும் என்பது. தமிழ்ப் பிள்ளை ஆங்கிலம் கற்பிக்க அந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது. வேலைக்கான இசட் விசா இல்லாமல் வணிக விசாவில் அனுப்பி வைப்பவர்கள் இருக்கிறார்கள். பிடிபட்டால் அபராதம், தடுப்புக்காவல், நாடு கடத்தல் எல்லாம் ஆசிரியருக்குத்தான், அனுப்பியவருக்கு ஒன்றும் இல்லை. ஜப்பானில் பள்ளித் துணை ஆங்கில ஆசிரியராகப் போக, 12 ஆண்டு ஆங்கில மொழிமூலம் படித்திருக்க வேண்டும். தமிழ்மொழிமூலப் பாடசாலையில் படித்த நமக்கு அதோடு கதை முடிந்தது.

அப்புறம் எங்கேதான் போவது? நேர்மையாகச் சொன்னால், புதிதாகப் புறப்படுபவர் மாலைதீவையும் தாய்லாந்தையும் பார்க்கலாம். மாலைதீவுப் பள்ளிகளில் இலங்கை ஆசிரியர்கள் நீண்ட காலமாக வேலை செய்கிறார்கள். தாய்லாந்தில் வேலைக்குப் போக நொன்-பி விசா, அதற்கு மேல் வேலை அனுமதி, அதற்கும் மேல் ஆசிரியர் சபையின் அனுமதி. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவரிடம் டோயிக் பரீட்சையில் 600 புள்ளியோ அதற்கு ஈடான ஐ.ஈ.எல்.டி.எஸ். பெறுபேறோ கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் பட்டம் இருக்க வேண்டும்.

இந்தப் பட்டம் என்ற இடத்தில்தான் மலையகப் பிள்ளைகள் அதிகம் விழுகிறார்கள். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் மூன்று வருடம் இருந்து டிப்ளோமா எடுத்தவர் நம் நாட்டில் ஆசிரியர். எச்.என்.டி.ஈ. முடித்தவரையும் ஊரே 'இங்கிலீஷ் டீச்சர்' என்கிறது. ஆனால் பெரும்பாலான தூதரகங்களுக்கு இரண்டுமே டிப்ளோமாதான், இளமாணிப் பட்டம் அல்ல. 'டிகிரிக்குச் சமம்' என்று ஏஜென்சிக்காரர் சொன்னால், அதை எந்த அதிகாரி எந்தக் கடிதத்தில் எழுதித் தருவார் என்று கேளுங்கள். ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்சி பெற்றதைக் காட்டும் 120 மணித்தியால டெஃபல் சான்றிதழை இரண்டு வாரத்தில் ஒன்லைனில் எடுத்துத் தருகிறோம் என்று விளம்பரம் வருகிறது. பட்டம் இருப்பவருக்கு அது கூடுதல் பலம். பட்டம் இல்லாதவருக்கு வெறும் செலவு.

கொழும்பிலோ கண்டியிலோ தனியார் நிறுவனத்தில் படித்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டம் வாங்கியவர்களுக்கு வேறு தலையிடி. பட்டத்தை வழங்கிய நாட்டில் முதலில் அதை உறுதிப்படுத்தி வாருங்கள் என்று திருப்பி அனுப்புவார்கள். சேரும்போது இதைச் சொல்லித் தந்த நிறுவனம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

சரி, பட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இனிக் காகிதங்கள்.

பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, சாதாரண தரச் சான்றிதழில் மூன்றாவது மாதிரி. தோட்டத்தில் பிறந்தவர் பலருக்கும் இதே கதைதான். பதிவு செய்தவர் காதில் விழுந்தபடி எழுதினார், பாடசாலையில் அதிபர் தன் பங்குக்கு எழுதினார், தந்தையின் பெயர் ஒரு இடத்தில் 'சாமி' என்று முடிகிறது, இன்னொரு இடத்தில் 'சுவாமி' என்று. உள்ளூரில் சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக் கடதாசி முடித்தால் காரியம் நடந்துவிடும். வெளிநாட்டுத் தூதரகம் அந்தக் கடதாசியை ஏற்கும் என்று நம்பி இருக்காதீர்கள். பிரதேச செயலகத்துப் பதிவாளர் பிரிவில் பிறப்புச் சான்றிதழைத் திருத்த விண்ணப்பியுங்கள். மாதக்கணக்கில் இழுக்கும், அதனால்தான் இதை முதலில் தொடங்கச் சொல்கிறேன். கடவுச்சீட்டு எடுத்த பிறகு திருத்தினால் கடவுச்சீட்டையும் மறுபடி எடுக்க வேண்டி வரும்.

அந்த அலுவலகத்தில் சிங்களப் படிவத்தை நீட்டி 'தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டது' என்பார்கள். நுவரெலியா மாவட்டத்தில் அப்போது இருந்த ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளும் 1999இலேயே இருமொழிப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. பதுளை மாவட்டத்திலும் அப்படிச் சில பிரிவுகள் உண்டு. தமிழில் எழுதிக் கொடுக்கவும் தமிழில் பதில் வாங்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. கால் நூற்றாண்டு கடந்தும் அந்தப் படிவம் மட்டும் எப்படித்தான் முடிந்து போகிறதோ.

குற்றப் பதிவு இல்லை என்று காட்டும் பொலிஸ் அறிக்கைக்கு விலாசம் முக்கியம். தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர், நாம் தமிழில் கூப்பிடுவது வேறு பெயர். டிவிஷனுக்கும் அப்படித்தான், லயத்து வீட்டுக்கோ இலக்கமே இருக்காது. விண்ணப்பத்தில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று என்று போட்டால், விசாரிக்க வரும் பொலிஸார் ஆளைக் காணவில்லை என்று எழுதிவிட்டுப் போவார்கள். அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள், கிராம சேவகரிடமும் சொல்லி வையுங்கள். கடிதங்கள் தோட்ட ஆபீஸில் கிடந்து மஞ்சளாகிப் போன கதைகள் நிறைய உண்டு. டவுனில் கடை வைத்திருக்கும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் தபால் விலாசமாக அதைக் கொடுப்பது நல்லது.

பொலிஸ் அறிக்கையை முன்கூட்டியே எடுத்து வைக்காதீர்கள். சில மாதங்களுக்கு மேல் பழையதைத் தூதரகங்கள் ஏற்பதில்லை. ஐ.ஈ.எல்.டி.எஸ்., டோயிக் இரண்டும் இரண்டு வருடத்துக்கே செல்லும். மெதுவாக வருவதை முதலில் தொடங்குங்கள், சீக்கிரம் காலாவதியாவதைக் கடைசியில் எடுங்கள். ஏஜென்சிகள் இதைத் தலைகீழாகச் செய்ய வைக்கும், ஏனென்றால் பரீட்சைக் கட்டணத்திலும் அவர்களுக்குப் பங்கு.

சான்றிதழ்களை லெமினேட் செய்யாதீர்கள். பெருமையோடு லெமினேட் செய்து சுவரில் மாட்டிய சான்றிதழைத் தூக்கிக்கொண்டு விடியற்காலை பஸ்ஸில் போய், முத்திரை குத்த முடியாது என்று திரும்பி வந்த தகப்பன்மாரைப் பார்த்திருக்கிறேன். செய்துவிட்டீர்கள் என்றால் பரீட்சைத் திணைக்களத்தில் புதிய பிரதி எடுக்க வேண்டியதுதான்.

முத்திரை குத்துவது வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவு. மலையகத்தார் இதற்காகப் பத்தரமுல்லைக்கு ஓட வேண்டியதில்லை, கண்டியில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. இதை ஏனோ யாரும் சொல்வதில்லை. அமைச்சின் முத்திரைக்குப் பிறகு, போகும் நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும். 'அப்போஸ்டில் போட்டுத் தருகிறோம், தூதரகம் தேவையில்லை' என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அப்போஸ்டில் என்பது ஒரு சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் தங்களுக்குள் ஏற்கும் முத்திரை, இலங்கை அந்த உடன்படிக்கையில் சேராத நாடு. தமிழில் உள்ள சான்றிதழ்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலமாக்கும்போது, பெயரின் எழுத்து கடவுச்சீட்டில் உள்ளபடியே வருகிறதா என்று அங்கேயே உட்கார்ந்து பாருங்கள்.

வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் வேலைக்குப் புறப்பட்டால் கட்டுநாயக்கவில் திருப்பி அனுப்பப்படலாம். ஏஜென்சிக்கு அனுமதிப் பத்திரம் இருப்பது மட்டும் போதாது, அந்த நாட்டில் அந்த வேலைக்கு ஆள் எடுக்கப் பணியகம் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். 1989 என்ற இலக்கத்துக்கு எடுத்து இரண்டையும் கேளுங்கள். காசு கொடுத்தால் ரசீதில் நாடு, வேலை, ஏஜென்சியின் அனுமதி இலக்கம் மூன்றும் இருக்க வேண்டும். 'ஆலோசனை', 'பயிற்சி', 'கோர்ஸ்' என்று எழுதித் தந்தால் பிறகு முறையிட்டாலும் படிப்புக்காகக் கட்டிய காசு என்று வாதாடுவார்கள். அந்தப் பிள்ளைக்கு நடந்ததும் அதுதான்.

'டூரிஸ்ட்டாகப் போங்கள், அங்கே மாற்றித் தருகிறோம்' என்ற வசனம் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். வேலை அனுமதி வருவதற்கு முன் வகுப்பில் நின்றாலே குற்றம். தாய்லாந்து என்று சொல்லிக் கூட்டிப்போய், எல்லைக்கு அப்பால் மியன்மாரின் மியாவடியில் இணைய மோசடி முகாம்களில் நம் நாட்டுப் பிள்ளைகள் அடைபட்டுக் கிடந்தது அண்மைக் காலத்தில்தான்.

அரச ஆசிரியர்களுக்கு ஒன்று. சம்பளமற்ற விடுமுறை எழுத்தில் வராமல் விமானம் ஏறாதீர்கள். அதிபர் 'போய்ட்டு வாங்க, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பார். வேலையைக் கைவிட்டவராகக் கடிதம் வரும்போது அவர் இடமாற்றத்தில் போயிருப்பார். விண்ணப்பம் அதிபரிடமிருந்து வலயத்துக்கும், அங்கிருந்து மாகாணத் திணைக்களத்துக்கும் போகும். ஒவ்வொரு மேசையிலும் பதிவுத் திகதியைக் கேட்டுக் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் 'கோப்பு இன்னும் வரவில்லையே' என்ற பதில் எல்லா மேசையிலும் கிடைக்கும்.

போன பிறகு பள்ளி விசாவுக்காகக் கடவுச்சீட்டை வாங்கினால், வாங்கியதற்கு எழுத்தில் ஏதாவது கேளுங்கள், வேலை முடிந்ததும் திருப்பிக் கேளுங்கள். போவதற்கு முன்பே எல்லாப் பக்கத்தையும் போனில் படமெடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள், ஒப்பந்தத்தையும் சேர்த்து.