‘தனியார் கடற்கரை’ போர்டைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள்: கலிபோர்னியா கடலோர உரிமை

போன கோடையில் ஒரு குடும்பத்தை லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துக் கடலோர ஊரான மாலிபு பக்கம் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த பெரியவர், எழுபது தாண்டியவர், கடலில் கால் நனைக்க வேண்டும் என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சாலையோரம் முழுக்க வீடுகள், இரண்டு வீட்டுக்கு நடுவே ஆளுயர இரும்புக் கேட். பக்கத்துச் சுவரில் ‘தனியார் கடற்கரை, அத்துமீறினால் வழக்கு’ என்று ஒரு போர்டு. நான் வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள் அவர் செருப்பைக் கையில் பிடித்தபடி திரும்பி வந்துகொண்டிருந்தார். “வேண்டாம்பா, அடுத்தவன் இடம்” என்றார். கேட்டின் கைப்பிடியை அழுத்திப் பார்த்தேன். பூட்டே இல்லை. அது பொதுப் பாதை.

இப்படித் திரும்பிப் போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நம் ஆட்கள் போர்டுக்கு மரியாதை கொடுப்பவர்கள். போர்டு வைத்தவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும்.

சட்டம் சுருக்கமாக இவ்வளவுதான். கரையை அடைத்து நீருக்குப் போகும் பொது வழியை யாரும் மறிக்கக் கூடாது என்பது மாநில அரசியலமைப்பில் 1879லிருந்து இருக்கிறது. 1972ல் மக்கள் வாக்குப் போட்டுக் கடலோர ஆணையத்தைக் கொண்டுவந்தார்கள். 1976ல் கடலோரச் சட்டம் அதை நிரந்தரமாக்கியது. ஓதம், அதாவது கடல் நீர்மட்டம் ஏறி இறங்குவது. ஏற்றத்தின்போது நீர் சராசரியாக எட்டும் இடம்தான் சராசரி உயர் ஓதக் கோடு. அந்தக் கோட்டிலிருந்து கடல் பக்கம் இருப்பது பொது நிலம். முன்னால் இருக்கும் வீடு எத்தனை கோடிக்கு வாங்கியதாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

சிக்கல் அந்தக் கோட்டில்தான். அது மணலில் போட்ட கோடு இல்லை. ஏறக்குறைய 18.6 வருட ஓதங்களின் சராசரி. மணல் ஏற ஏற, அரிக்க அரிக்க அதுவும் நகரும். “கோட்டைத் தாண்டிவிட்டாய்” என்று கத்தும் காவலாளிக்கும் கோடு எங்கே என்று தெரியாது. ஆகவே நடைமுறையில் ஒரே விதி: ஈர மணலில் நில்லுங்கள், அங்கே நடங்கள். காய்ந்த மணலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால்தான் வம்பு. சில வீடுகளுக்கு முன் காய்ந்த மணலிலும் பொது உரிமை உண்டு. வீடு கட்ட அனுமதி கொடுத்தபோது ஆணையம் அதை நிபந்தனையாக எழுதி வாங்கியிருக்கும். ஆனால் அது வீட்டுக்கு வீடு மாறும். ஆணையத்தின் ‘யுவர்கோஸ்ட்’ வரைபடத்தில் பொது வழிகள் இருக்கின்றன. கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். பக்கத்து மாநிலமான ஓரிகனில் 1967 சட்டப்படி செடிகொடி தொடங்கும் இடம் வரைக்கும் மணல் பொது. அங்கே போய் வந்தவர்கள் அதே நினைப்பில் இங்கே உட்கார்ந்து மாட்டிக்கொள்கிறார்கள்.

ஈர மணல் என்று சொன்னேன், அதிலேயே ஒரு ஆபத்து இருக்கிறது. ஓதம் ஏறும்போது அந்த ஈரப் பட்டையே இருக்காது. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறு பக்கம் அலை. பாறை முனையைச் சுற்றி நடந்து போனவர் திரும்ப வழியில்லாமல் நிற்பார். ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் வற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் போய், மறுபடி ஏறத் தொடங்குவதற்குள் திரும்பிவிடுங்கள்.

இப்போது போர்டுகள். உண்மையான பொது வழியில் பழுப்பு நிறப் பலகையில் அலையும் வெறுங்கால் பாதமும் போட்டிருக்கும். அது சின்னதாக, ஒரு ஓரமாக இருக்கும். தனியார் போர்டு பெரிதாக, நடுவில் இருக்கும். ‘உரிமையாளரின் அனுமதியின் பேரில் கடக்கலாம், பிரிவு 1008’ என்று மாநில சிவில் சட்டத்தைக் காட்டும் ஒரு வகைப் போர்டு உண்டு. பார்த்தால் மிரட்டல் மாதிரி தெரியும். உங்களை அது தடுக்கவில்லை. பிற்காலத்தில் “இத்தனை வருடம் நடந்தோம், இது எங்கள் பாதை” என்று யாரும் உரிமை கோராமல் இருக்க உரிமையாளர் எடுக்கும் முன்னெச்சரிக்கை அது. போகலாம்.

பார்க்கிங்கிலும் இதே கதைதான். கார் நுழையவே முடியாத இடத்தில் போலி கராஜ் கதவு, வீட்டுக்காரரே சிவப்புப் பெயிண்ட் அடித்த நடைபாதை விளிம்பு, சொந்தமாக அச்சடித்த ‘நோ பார்க்கிங்’. மாலிபுவில் இது ஊரறிந்த விஷயம். ஆனால் சந்தேகம் இருந்தால் அங்கே நிறுத்தாதீர்கள். அபராதச் சீட்டு வந்துவிட்டால் அதை எதிர்த்து அலைவது உங்கள் வேலையாகிவிடும். போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு நகருங்கள்.

யாராவது மறித்தால் வாக்குவாதம் வேண்டாம், கேட்டில் ஏறிக் குதிக்கவும் வேண்டாம். அதற்கு அப்புறம்தான் அலைச்சல். போலீஸைக் கூப்பிட்டால் “இது சிவில் விவகாரம்” என்பார்கள். நகராட்சியைக் கேட்டால் கவுண்டியை (நம் மாவட்ட நிர்வாகம் மாதிரி) கை காட்டும், கவுண்டி மாநிலப் பூங்காத் துறையைக் காட்டும். அங்கே “எங்கள் பீச் இல்லையே” என்பார்கள். எனக்கு ஒருமுறை நான்கு போனுக்கு அப்புறம் முதலில் பேசிய நம்பரையே கொடுத்தார்கள். நேராகக் கடலோர ஆணையத்தின் அமலாக்கப் பிரிவுக்கு எழுதுங்கள். தேதி, நேரம், போர்டு தெளிவாகத் தெரியும் படம், பக்கத்து வீட்டு எண்ணும் சாலையும் தெரியும் இன்னொரு படம், யார் என்ன சொன்னார் என்று இரண்டு வரி. வீட்டு எண் இல்லாத புகார் மேசையிலேயே தூங்கும்.

பதில் வர மாதக்கணக்காகும். மாலிபுவில் வீட்டுக்காரர் 1983ல் பொதுவுக்கு விடுவதாக எழுதிக் கொடுத்த ஒரு பாதை 2005ல்தான் திறந்தது. ஆனாலும் எழுதுங்கள். பாதையை மறிப்பவருக்கு நாளொன்றுக்கு 11,250 டாலர் வரை அபராதம் போடும் அதிகாரம் 2014லிருந்து ஆணையத்துக்கு இருக்கிறது. 2016ல் மாலிபுவில் ஒரு வீட்டுக்குச் சுமார் 42 லட்சம் டாலர் போட்டார்கள். மேல்முறையீட்டிலும் அது நின்றது.

கட்டணம் இன்னொரு பொறி. கடற்கரையை நடத்துவது மாநிலமா, கவுண்டியா, மத்திய அரசா என்பது பெயரிலிருந்து தெரியாது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வில் ரோஜர்ஸ் ‘ஸ்டேட் பீச்’ என்றே பெயர், நடத்துவது கவுண்டி. பொது நூலகத்தில் இரவல் தரும் மாநிலப் பூங்கா பாஸைக் காட்டினால் அங்கே செல்லாது. சூமா பீச்சும் கவுண்டிதான். மலையும் கடலும் ஒட்டிக் கிடக்கும் பிக் சர் கடலோரப் பகுதி இன்னும் மோசம். ஃபைஃபர் பிக் சர் ஸ்டேட் பார்க், ஃபைஃபர் பீச், ஜூலியா ஃபைஃபர் பர்ன்ஸ் ஸ்டேட் பார்க் என்று மூன்று. முதலாவதில் காசு கட்டி, அந்த ரசீதோடு ஃபைஃபர் பீச்சுக்குப் போய் மறுபடி காசு கட்டியவர்களை எனக்குத் தெரியும். அது தேசிய வனத் துறையின் இடம், ஒப்பந்தக்காரர் நடத்துகிறார், மாநில ரசீது செல்லாது. போகும் சாலை குறுகல், பெரிய வண்டி நுழைய முடியாது. மூன்றாவது பூங்காவில் மெக்வே அருவி மணலில் விழுவதை மேலிருந்து பார்க்கலாம், அவ்வளவுதான். அந்த மணலுக்கு இறங்கத் தடை. இங்கே போர்டு உண்மையைச் சொல்கிறது, பாறை சரியும்.

மாநிலப் பூங்காக்களில் பெரும்பாலும் கட்டணம் வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை. வெளியே சட்டப்படி நிறுத்த இடம் கிடைத்தால் நடந்து உள்ளே போகலாம். நாய் இருந்தால் முன்பே விசாரியுங்கள். பாயின்ட் லோபோஸ் என்ற மாநிலக் காப்பகத்தில் காருக்குள் வைத்துக்கூட நாயைக் கொண்டுபோக முடியாது. நடக்க முடியாத பெரியவர்களுக்கு அகலச் சக்கரம் வைத்த பீச் வீல்சேர் பல இடங்களில் இலவசம். ஆனால் அதை வைத்திருக்கும் லைஃப்கார்ட் அறை சீக்கிரம் பூட்டிவிடும். முதல் நாளே போன் செய்து எத்தனை மணி வரை என்று கேட்டு வையுங்கள்.

பிக் சர் போவதாக இருந்தால் கிளம்பும் காலையிலேயே மாநிலச் சாலைத் துறையான கால்ட்ரான்ஸின் இணையதளத்தில் கடலோரச் சாலையான ஹைவே 1 திறந்திருக்கிறதா என்று பாருங்கள். 2017ல் மட் கிரீக்கில் மலை சரிந்து ஒரு வருடத்துக்கு மேல் சாலை மூடிக் கிடந்தது. வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், பாதித் தூரத்துக்கு மேல் போனில் சிக்னல் இருக்காது. வரைபடத்தையும் ஓத அட்டவணையையும் வீட்டிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.