செயினுக்குள் எண்ணெய் போகிற வழி

பைக் செயின் தேய்கிற இடம் வெளியே தெரியாது. எண்ணெய் வழிய வழியப் பளபளக்கும் செயின்கூட உள்ளே வறண்டு கிடக்கலாம். ஒரு கண்ணியை வெட்டிப் பார்த்தால் நடுவில் ‘பின்’ என்கிற சின்ன இரும்புத் தண்டு, அதன்மேல் சின்னக் குழாய் போல ஒரு புஷ், அதற்கும் மேலே உருளும் ரோலர். ஸ்ப்ராக்கெட் எனும் பல்சக்கரத்தின் பல்லில் உட்காருவது ரோலர். ஆனால் செயின் பல்லில் ஏறி வளையும்போதும் இறங்கி நிமிரும்போதும், முழு இழுவையையும் சுமந்தபடி புஷ்ஷுக்குள் திரும்புவது பின். ஹான்ஸ் ரெனால்டு 1880-ல் மான்செஸ்டரில் இந்த அமைப்பைக் கொண்டுவந்தார். அடிப்படை இன்றும் அதேதான்.

“செயின் நீண்டுபோச்சு” என்று மெக்கானிக் சொன்னால், இரும்பு இழுபட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். சிறிய பைக்குகளில் பரவலாக இருக்கும் 428 ரக செயினில் ஒரு பின்னின் மையத்திலிருந்து அடுத்த பின்னின் மையம் வரை 12.7 மி.மீ. ஒவ்வொரு மூட்டிலும் 0.1 மி.மீ. தேய்ந்தால் போதும், 120 கண்ணி செயின் 12 மி.மீ. கூடிவிடும்; ஏறக்குறைய ஒரு கண்ணியின் நீளம். ஆகவே எந்த எண்ணெய் நல்லது என்பதற்கு முன், அது பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே போகுமா என்று கேட்க வேண்டும். போவதற்கு நீர்த்திருக்க வேண்டும். போனபின் தெறிக்காமல் தங்கக் கெட்டியாக இருக்க வேண்டும். செயினுக்கென்று விற்கிற எல்லாச் சரக்கும் இந்த முரணை ஏதோ ஒரு வகையில் சமாளிக்கப் பார்ப்பவைதான்.

முதலில் உங்கள் செயின் எந்த வகை என்று பாருங்கள். துடைத்துவிட்டுப் பக்கவாட்டில் டார்ச் அடித்தால், கண்ணியின் பக்கத் தகடுகளான உள்தட்டுக்கும் வெளித்தட்டுக்கும் இடையே மெல்லிய கறுப்பு ரப்பர் விளிம்பு தெரிகிறதா? அது ஓ-ரிங் செயின். தெரியாவிட்டால் சாதா செயின்.

சாதா செயினுக்கு 90 கியர் ஆயிலை விட எளிதான, மலிவான தீர்வு இல்லை. 90 என்ற எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். கியர் ஆயிலுக்கான அளவுகோல் வேறு; 90 கியர் ஆயிலின் கெட்டித்தன்மை, 40 அல்லது 50 என்று எழுதிய எஞ்சின் ஆயிலுக்குப் பக்கத்தில்தான் வரும். இடுக்கில் இறங்கும், அழுத்தத்தைத் தாங்கும். எஞ்சின் ஆயிலும் ஆபத்துக்கு உதவும், ஆனால் சீக்கிரம் தெறித்துப் போகும். வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயில் மட்டும் வேண்டாம்: அதில் உலோகத் துகளும் அமிலமும் கலந்திருக்கும். இலவசம் என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி கிடையாது.

கிரீஸ்? குளிர்ந்த கிரீஸை விரலால் அப்பினால் அது தட்டின்மேலேயே உட்கார்ந்துகொள்ளும், மூட்டுக்குள் இறங்காது. செயின் முழுதும் உறைக்குள் இருக்கும் வண்டியில் பெரிய கேடு இல்லை. திறந்த செயினிலோ செம்மண் புழுதி ஒட்டி, கிரீஸும் மணலும் கலந்த அரைக்கும் பசையாகிவிடும்.

ஓ-ரிங் செயினின் கதை வேறு. தொழிற்சாலையிலேயே பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே கிரீஸை வைத்து, ரப்பர் வளையத்தால் அடைத்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து நீங்கள் ஊற்றுவது உள்ளே போகாது, போகவும் கூடாது. வெளியே உங்கள் வேலை மூன்று: ரோலருக்கு வழுக்கல், தட்டுக்குத் துருப் பாதுகாப்பு, ரப்பர் காயாமல் இருப்பது. இதற்கு ‘ஓ-ரிங்குக்கு ஏற்றது’ என்று குறித்த ஸ்பிரே வசதியானது. அதில் கரைப்பான் எண்ணெயைச் சுமந்து போய் இடுக்கில் விட்டுவிட்டு ஆவியாகும். பசைத்தன்மை பிறகுதான் வரும். அடித்த கையோடு வண்டியை எடுத்தால் பாதி ரிம்மில் கோடு கோடாகக் கிடக்கும். டபிள்யூடி-40-ன் சாதாரண நீல டப்பா ஈரத்தை விரட்டும், அழுக்கைக் கிளப்பும்; ஆனால் அது விட்டுச்செல்லும் படலம் செயினுக்குப் போதாது.

கழுவ மண்ணெண்ணெயும் நைலான் பிரஷ்ஷும் போதும். பெட்ரோல் ரப்பரைக் கெடுக்கும், கம்பி பிரஷ் வளையத்தைக் கிழிக்கும். வாட்டர் சர்வீஸில் துப்பாக்கியை நேராகச் செயினில் பிடித்தால், தண்ணீர் ஓ-ரிங்கைத் தாண்டி உள்ளே போய் கிரீஸைக் கெடுக்கும்.

எண்ணெய் போட நல்ல நேரம், ஓட்டிவிட்டு வந்து செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போது. எஞ்சினை அணைத்து, நியூட்ரலில், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். கியரில் ஓடவிட்டுத் துணி பிடித்தவர்கள் விரலை இழந்திருக்கிறார்கள். கீழ்ப்பக்கச் செயினின் உள்முகத்தில், தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் விளிம்பில், ஊசியில்லாத சிரிஞ்சால் பக்கத்துக்கு ஒரு சொட்டு. சுழலும்போது எண்ணெய் வெளிநோக்கித் தள்ளப்படுவதால் தானே மூட்டைக் கடந்துதான் போகும். 120 கண்ணிக்கு 240 சொட்டு, அதாவது சுமார் 12 மி.லி. அதற்குமேல் ஊற்றுவது டயருக்குத்தான் போகும். வளைவில் சாயும்போது அது விளையாட்டில்லை. இரவு முழுக்க விட்டு, காலையில் வெளிப்புறத்தைத் துடைத்துவிடுங்கள். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை. மழையில் நனைந்தால் கணக்குப் பார்க்காமல் அன்றைக்கே.

தவறவிட்டால் செயினே சொல்லும். பின்னின் ஓரத்தில் செங்கல் தூள் போலச் சிவப்புப் பொடி கசிந்தால், அந்த மூட்டு வறண்டு உள்ளே துருவும் உலோகமும் அரைபடுகிறது என்று பொருள். ஒரு கண்ணி வளைந்தபடியே நின்றால் அது இறுகிவிட்டது. சக்கரத்தைச் சுற்றச் சுற்ற ஓரிடத்தில் தொய்வும் ஓரிடத்தில் விறைப்பும் வந்தால் தேய்மானம் சீராக இல்லை. எந்த எண்ணெயும் இனி அதைச் சரிசெய்யாது. செயினை இறுக்கிப் பிடித்து, 20 கண்ணியைப் பின் மையத்திலிருந்து பின் மையம் வரை அளந்து பாருங்கள். புது 428-ல் 254 மி.மீ. வரும். 259-ஐத் தொட்டால் செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பல் புதுச் செயினையும் சீக்கிரம் தின்றுவிடும்.