வேர்க்கவே இல்லையேன்னு சந்தோஷப்பட்ட கதை

நாங்க கடலூர்க்காரங்க, வேர்வைன்னா என்னன்னு எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேணாம். கத்திரி வெயில்ல குளிச்சிட்டு தலை துவட்டுறதுக்குள்ள மறுபடி நனைஞ்சிடுவோம். அதனால போன மார்ச் கடைசில நானும் மச்சானும் ஜெய்சல்மேர் பக்கம் இருக்குற பாலைவன தேசியப் பூங்காவுக்குப் போனப்ப, நடு மத்தியானம் ஜீப்புல நின்னுக்கிட்டு, "மாமா, இங்க வேர்க்கவே இல்ல பாருங்க, நம்ம ஊர் வெயிலுக்கு இது எவ்வளவோ தேவலாம்"னு மச்சான் சொன்னப்ப நானும் ஆமான்னு தலையாட்டிட்டேன். 3,000 சதுர கிலோமீட்டருக்கு மேல விரிஞ்சு கெடக்குற இடம், எங்க பாத்தாலும் முள்ளும் புல்லும்தான், கானமயில்ங்கற அரிய பறவை எங்கயாவது தட்டுப்படுமான்னு தேடிக்கிட்டே தண்ணி பாட்டிலை மறந்துட்டோம்.

மணி மூணு இருக்கும், எனக்கு லேசா தலைவலி. டீ குடிக்கலல்ல, அதான்னு நெனச்சேன். ஜீப் ஓட்டுன பெரியவர் திரும்பி எங்க மூஞ்சியப் பாத்துட்டு ஹிந்தில ஒரே கேள்விதான் கேட்டாரு, காலைலேருந்து எத்தனை தடவ ஒண்ணுக்குப் போனீங்கன்னு. மச்சானுக்கு சிரிப்பு வந்துடுச்சு. யோசிச்சுப் பாத்தா லாட்ஜ்ல போனதோட சரி. மனுஷன் வண்டிய நிறுத்திட்டாரு, நிழல்ல உக்கார வெச்சு தண்ணி குடிக்க வெச்சாரு. அப்பதான் மச்சானோட கறுப்பு டீஷர்ட்டப் பாத்தேன், முதுகு பூரா வெள்ளை வெள்ளையா கோடு. மரக்காணம் உப்பளத்துல தண்ணி காஞ்சு உப்பு மட்டும் நிக்குமே, அதேதான். வேர்க்காமலா இருந்துச்சு? கொட்டியிருக்கு, நாங்க பாக்குறதுக்கு முன்னாடியே காத்து குடிச்சிட்டுப் போயிருக்கு.

இது எப்படின்னா, சும்மா உக்காந்திருந்தாலே நம்ம ஒடம்பு ஒரு 100 வாட் குண்டு பல்பு மாதிரி சூட்டைக் கக்கிக்கிட்டே இருக்கும். வெளிய 35 டிகிரிக்குக் கீழ இருக்குற வரைக்கும் அது காத்துல கலந்துடும், அதுக்கு மேல போனா காத்துதான் நமக்கு சூடு ஏத்தும், மிச்சமிருக்குற ஒரே வழி வேர்வை. அதுவும் வேர்வை வர்றதால குளிர்ச்சி இல்ல, அது ஆவியாகிப் போறப்பதான் தோல்லேருந்து சூட்டைப் புடுங்கிட்டுப் போகுது, ஒரு லிட்டர் முழுசா ஆவியானா சுமார் 580 கிலோகலோரி, அதாவது அந்த பல்பு ஆறு மணி நேரத்துக்கு மேல கக்குற சூடு. சொட்டு சொட்டா கீழ விழுற வேர்வையால ஒரு பிரயோஜனமும் இல்ல. நம்ம கடலோரத்துல காத்துலயே ஈரம் நெறைய இருக்குறதால வேர்வை ஆவியாக எடமில்லாம வழியுது. மழைக்காலத்துல மண்பானைத் தண்ணி ஜில்லுன்னு ஆகாது பாருங்க, அதே கதை. பாலைவனத்துல நேர் எதிர், ஒடம்பு அருமையா குளிருது, ஆனா தண்ணி போற கணக்கு மட்டும் கண்ணுக்குத் தெரியாது. நம்ம ஊர்ல சட்டை நனையுறதுதான் எங்க அலாரம், அங்க அந்த அலாரத்துல சத்தமே இல்ல.

சரி, தாகம் எடுத்தா தெரியாதான்னு கேப்பீங்க. மூளைக்கு அடியில ஹைப்போதலாமஸ்னு ஒரு எடம் இருக்கு, அது ரத்தத்துல உப்பு எவ்வளவு கெட்டியா இருக்குன்னு பாத்துக்கிட்டே இருக்கும். கொஞ்சம் கெட்டியானதுமே முதல்ல வாசோப்ரெசின்னு ஒரு ஹார்மோன அனுப்பி, கிட்னிகிட்ட தண்ணிய வெளிய விடாதன்னு சொல்லிடும். இன்னும் கொஞ்சம் கெட்டியானாதான் நாக்கு வறளும். ஆக தாகத்துக்கு முந்தியே வர்ற தகவல் ஒண்ணுக்குதான், கம்மியா, கடுமஞ்சளா போகும். அந்தப் பெரியவர் கேட்டது கிண்டல் கேள்வி இல்லன்னு இப்பப் புரியுதா?

இதையும் கவனிக்கலன்னா தசை இழுக்கும், தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வரும். பைக்ல ரிசர்வ் விழுந்தாலும் பங்க் வரட்டும்னு தள்ளுற ஆளு நான், பல்வலிக்கு கிராம்பு வெச்சே ஆறு மாசம் ஓட்டுனவன். அதெல்லாம் தள்ளிப்போட்டா செலவோட போச்சு. இதுல சிக்கல் வேற, ஒடம்பு உள்சூடு 40 டிகிரிய தாண்டுனா மூளையே கொழம்பிடும், எச்சரிக்கைய படிக்க வேண்டிய ஆளே அவுட். பேச்சு ஒளறுதுன்னா அது ஹீட் ஸ்ட்ரோக், வேர்வை நின்னாதான் ஹீட் ஸ்ட்ரோக்னு காத்திருக்கக் கூடாது, வேர்த்துக்கிட்டே கூட வரும். 108க்கு போன் போட்டுட்டு நிழல்ல படுக்க வெச்சு மேல தண்ணிய ஊத்தி விசிறணும், நெனவு சரியில்லாதவங்க வாயில தண்ணி ஊத்தாதீங்க.

வெறும் தண்ணிய மட்டும் மடக்கு மடக்குன்னு லிட்டர் கணக்குல குடிச்சாலும் ரத்தத்துல உப்பு கொறஞ்சு வேற வம்பு. அதுக்குத்தான் உப்பு சர்க்கரைத் தண்ணி. குடல்ல உப்பும் குளுக்கோஸும் ஜோடியா ஒரே கதவுல உள்ள போகும், பின்னாடியே தண்ணியும் போகும். 1971ல வங்கதேச அகதிகள் முகாம்ல காலரா பரவுனப்ப டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு சர்க்கரைத் தண்ணி குடுத்தே நெறைய உசுரக் காப்பாத்துனது இந்தக் கதவ நம்பித்தான். உப்பு போட்ட நீராகாரமும் கிட்டத்தட்ட அதே வேலதான் பண்ணுது, சோத்து மாவு குடல்ல குளுக்கோஸா மாறிடும்.

பண்ருட்டி பக்கம் எங்க அத்தை இருக்காங்க, அறுபத்தஞ்சு தாண்டிடுச்சு, சித்திரை வெயில்ல முந்திரிக்கொட்டை பொறுக்கப் போறவங்க. வயசானா தாகம் மந்தமாயிடும், அதனால எனக்கு தாகமே எடுக்கலடான்னு பெருமையா சொல்லுவாங்க. ஊருக்கு வந்ததும் அந்தப் பெரியவர் கேட்டதையே நானும் கேட்டேன். "போடா வெக்கங்கெட்டவனே, அத்தைகிட்ட கேக்குற கேள்வியா இது"ன்னு தொடப்பத்த எடுத்தாங்க. அப்புறம் வெரல் விட்டு எண்ணிப் பாத்துட்டு, எதுவும் பேசாம உள்ள போயி சொம்போட வந்து உக்காந்தாங்க.