கசடைச் சூடாக்கினால் மட்டும் போதாது

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையக் கசடை வயலுக்கு அனுப்பும் முன் சூடாக்குவது கிருமிகளையும் புழு முட்டைகளையும் கொல்லத்தான். அவற்றில் அஸ்காரிஸ் என்னும் உருளைப்புழுவின் முட்டை மிகக் கெட்டியானது. மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சரியாகக் கழுவாத ஒரு கட்டுக் கீரை போதும், குழந்தையின் வயிற்றுக்குள் போய்ச்சேர.

அமெரிக்காவின் 1993-ஆம் ஆண்டுக் கசடு விதிகள் வெப்பத்தையும் நேரத்தையும் சேர்த்தே சொல்கின்றன. 7 சதவீதமும் அதற்கு மேலும் திடப்பொருள் உள்ள கசடுக்கு 70 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வேண்டும். 65-க்கு இறங்கினால் இரண்டரை மணி நேரம். 60 என்றால் பன்னிரண்டரை மணி நேரம். 55-இல் இரண்டரை நாளுக்கும் மேல். பேனலில் 68 காட்டுகிறதே, கிட்டத்தட்ட சரிதானே என்று அரை மணியில் தொட்டியைத் திறந்துவிடக் கூடாது. 68-க்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் தேவை.

அந்த 70 எங்கே அளந்தது என்பதும் முக்கியம். நீராவி நுழையும் இடத்தருகே சென்சார் இருந்தால் அது காட்டுவது நீராவியின் சூட்டை. தொட்டியிலேயே குளிர்ந்த மூலை எதுவோ, அங்கே 70 வந்த பிறகுதான் நிமிடத்தை எண்ண வேண்டும். கட்டிகளின் நடுவே சூடு மெதுவாகத்தான் போகும்; முன்கூட்டியே 5 மில்லிமீட்டருக்குள் அரைத்துவிடுவது நல்லது. தொடர்ந்து ஓடும் தொட்டியில் புதிதாக வந்த கசடு குறுக்கே பாய்ந்து வெளியேறிவிடும். மூன்று தொட்டி வைத்து, ஒன்று நிரம்ப, ஒன்று நிற்க, ஒன்று காலியாக என்று சுற்றில் ஓட்டுவதே பத்திரம்.

நாங்கள் அதிகம் கவலைப்படுவது இதற்குப் பிறகு நடப்பதைப் பற்றி. சூடாக்கிய கசடில் போட்டிக்கு வேறு நுண்ணுயிர் இருக்காது. சூடாக்காத பச்சைக் கசடு அள்ளிய அதே லோடர் வாளி பட்டால் போதும், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா பாக்டீரியா தடையின்றிப் பெருகும். வாளி, டிப்பர், தளம் எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். கசடைக் காற்றில்லாமல் பாக்டீரியாக்களால் சிதைக்கும் செரிப்பான் தொட்டி உள்ள நிலையத்தில் அதற்கு முன்பே சூடாக்கினால், செரிப்பானின் பாக்டீரியாக்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பரிசோதனைக்கு மாதிரியை ஹீட்டர் வாயிலில் எடுக்காதீர்கள். வண்டியில் ஏற்றும் குவியலில் எடுங்கள். 4 கிராம் உலர் எடைக்கு சால்மோனெல்லா 3-க்குக் கீழே இருக்க வேண்டும்.

முழுக்க உலர்த்துவதானால் முதலில் நன்றாகப் பிழியுங்கள். 20 சதவீதத் திடப்பொருள் கொண்ட ஒரு டன் கேக்கை (பிழிந்த கசடை) 90 சதவீதமாக்க 778 கிலோ நீரை ஆவியாக்க வேண்டும். அதே கசடை சென்ட்ரிஃபியூஜில் 25 சதவீதம் வரை பிழிந்திருந்தால் 578 கிலோதான். 40 முதல் 60 சதவீதத்துக்குள் கசடு கோந்து மாதிரி பிசுபிசுத்து டிரையரில் அப்பிக்கொள்ளும். காய்ந்த தூளைத் திருப்பிக் கலந்தால் அந்தக் கட்டத்தைத் தாண்டலாம். காய்ந்த குருணையைச் சூட்டோடு சைலோவில் கொட்டினால் தானாகவே கனன்று தீப்பிடிக்கும். ஆறவிட்டு ஏற்றுங்கள்.

காட்மியம், ஈயம் போன்ற உலோகங்கள் இந்தச் சூட்டுக்கெல்லாம் போகாது. முலாம் பூசும் பட்டறைகளின் கழிவு சாக்கடையில் கலக்கும் ஊரென்றால், ஹீட்டரைப் பற்றி யோசிக்கும் முன் கசடின் உலோக அளவைப் பரிசோதியுங்கள்.