கொக்குப் படத்தை மாட்டிட்டு மறந்துடாதீங்க

டோக்கியோல அபார்ட்மென்ட்டுகளுக்கு இன்டீரியர் பண்றது என் வேலை. போன வருஷம் ஒரு கிளையன்ட் வீட்டுக்குப் போனேன். ஜோடிக் கொக்கு வரைஞ்ச பழைய பட்டுச் சுருள் ஓவியம், காகெஜிகுன்னு சொல்வாங்க, மேற்கு ஜன்னலுக்கு நேர் எதிர்ல ஏசி காத்து படுற எடத்துல தொங்குது, கிட்டப் போய் பாத்தா கொக்கு முதுகுல வெள்ளை செதில் செதிலா எழும்பி நிக்குது, கீழ சோபா மேல கோலமாவு சிந்தின மாதிரி பொடி. "துணியால துடைச்சிரட்டுமா"ன்னு அந்தம்மா கேக்க, ஐயோ தொடவே தொடாதீங்கன்னு கத்திட்டேன்.

அது சாதா பெயின்ட் இல்லங்க. சிப்பி ஓட்டை அரைச்சு விலங்குப் பசையில குழைச்ச கோஃபுன். காத்துல ஈரம் ஏறி எறங்குறப்ப பட்டு ஒரு மாதிரி இழுக்கும், பின்னால ஒட்டுன தாள் வேற மாதிரி இழுக்கும், கோஃபுனுக்கோ வளையவே தெரியாது, வெடிச்சிரும். வெயில் பட்டா பட்டு பழுத்து நொறுங்கும்.

வருஷம் பூரா தொங்கவிடுறதுக்குன்னு செஞ்ச பொருளே இல்ல இது. பழைய வீடுகள்ல தொகொனோமான்னு ஒரு மாடம் இருக்கும், அதுல காலத்துக்கு ஏத்த மாதிரி படத்தை மாத்துவாங்க. கொக்குக்கு ஆயிரம் வருஷம், ஆமைக்குப் பத்தாயிரம் வருஷம் ஆயுசுன்னு ஒரு சொலவடை, அதனால ரெண்டும் புத்தாண்டுக்கும் கல்யாணத்துக்கும். அருவி ஏறுற கெண்டை மீன் மே 5 பையன்கள் பண்டிகைக்கு. இப்ப மாடமும் இல்ல, மாத்துற பழக்கமும் இல்ல.

நான் சொல்றது ரெண்டு மூணு வாரம், அவ்ளோதான். அப்புறம் ஈரமில்லாத நாளா பாத்து, இறுக்காம சுருட்டி, கிரின்னு ஒரு லேசான மரத்துல செஞ்ச பெட்டியில வெச்சிருங்க. நிறம் தடிப்பா இருந்தா ஃபுதொமாகின்னு ஒரு தடி உருளை இருக்கு, அது மேல சுத்துங்க. ஃபிரேம் போடுறேன்னு ஓரத்து ஜரிகைத் துணியை வெட்டுறவங்களைப் பாத்தா எனக்கு அழுகையே வந்துரும்.

வாங்குறப்ப, குறிப்பா கியோட்டோ தோஜி கோயில்ல மாசாமாசம் 21ம் தேதி கூடுற சந்தை மாதிரி எடத்துல, கையெழுத்தைப் பாத்து மயங்காதீங்க. மாருயாமா ஓக்கியோன்னு (1733–1795) ஒரு புகழ்பெற்ற ஓவியர், அவர் பேர்ல போலி ஏகப்பட்டது சுத்துது. லென்ஸ்ல புள்ளி புள்ளியா தெரிஞ்சா அச்சு. கொலோடைப்னு ஒரு பழைய அச்சு முறை இருக்கு, அதுல அந்தப் புள்ளியும் தெரியாது, அதுக்கு டார்ச்சைப் பக்கவாட்டுல அடிச்சுப் பாருங்க, கையால வெச்ச கோஃபுன்னா கொஞ்சம் மேடா நிக்கும். பழைய புலிப் படம் கெடைச்சா, புலிக்கு பூனைக் கண்ணு இருக்கேன்னு சந்தேகப்படாதீங்க, ஜப்பான்ல புலியே கிடையாது, தோலையும் வீட்டுப் பூனையையும் பாத்துதான் வரைஞ்சாங்க, எனக்கு அந்த அசட்டுப் புலிங்கதான் ரொம்பப் பிடிக்கும்.

அந்தக் கொக்குப் படம் ஹ்யோகுஷி, அதாவது சுருள் ஓவியம் ஒட்டிச் சரிபண்றவர்கிட்ட போயி பல மாசம் கழிச்சு வந்துச்சு, உதிர்ந்தது உதிர்ந்ததுதான். இப்ப புத்தாண்டுக்கு மட்டும் மாட்டுறாங்க. மிச்ச நாள் அந்த ஆணியில காலண்டர் தொங்குது.