பின்னால் வந்த பாட்டு முன்னால் நிற்பது எப்படி?

திருநெல்வேலிப் பக்கம் ஓர் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. நையாண்டி மேளம் களைகட்டியிருக்கிறது. சாமி பாட்டை முடித்துவிட்டு நாதஸ்வரக்காரர் ஒரு சினிமா மெட்டுக்குத் தாவுகிறார். கூட்டத்தில் நிற்கும் கல்லூரிப் பையன், என்ன பாட்டு என்று தெரிந்துகொள்ள கைபேசியை நீட்டி ஷஸாம் செயலியைத் தட்டுகிறான். அது கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிடுகிறது. பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும் ஆச்சி, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்கிறார்: “ஏல, இது சிங்கார வேலனேல்லா.”

அங்கே பாடகி இல்லை, வரிகள் இல்லை. சுருதி வேறு, வேகம் வேறு, தவிலும் பம்பையும் அடிக்கிற அடியில் பாதி மெட்டு அமுங்கியும் போகிறது. ஆனாலும் ஆச்சிக்கு ரெண்டாவது வரி வருவதற்குள் பிடிபட்டுவிட்டது. ஒரு பாட்டை இன்னொருவர் திரும்பப் பாடி, கடைசியில் அதுவே அசலைவிடப் பெரிய பெயர் வாங்குகிறதே, அந்த விஷயத்தின் பாதி இதற்குள்தான் இருக்கிறது.

செயலியின் கதையை முதலில் முடித்துவிடலாம். ஷஸாமை உருவாக்கியவர்களில் ஒருவரான ஏவரி வாங் 2003-இல் விளக்கி எழுதிய முறை அது. ஒலிப்பதிவை நேரம், அதிர்வெண் என்ற இரண்டு அச்சுகளில் படமாக்கி, அதில் பளிச்சென்று தெரியும் உச்சிப் புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது. எந்தப் புள்ளிக்கு எவ்வளவு நேரம் கழித்து எந்தப் புள்ளி வருகிறது என்று ஜோடி ஜோடியாகக் குறித்துவைக்கிறது. கைரேகை மாதிரிதான்: அந்த ஒரு பதிவுக்கு மட்டுமே பொருந்தும். பஸ் இரைச்சலுக்கு நடுவே ஒலித்தாலும் பதிவைக் கண்டுபிடித்துவிடும். அதே பாடகி அதே பாட்டை மேடையில் நேரில் பாடினால் திணறும். அதற்குத் தெரிந்ததெல்லாம் பதிவு, பாட்டு தெரியாது.

ஆச்சியின் மூளை வேறு வேலை செய்கிறது. ஒரு கட்டைச் சுருதியில் ஸட்ஜத்தை, அதாவது ‘ஸ’-வை வைத்தால் அது ஏறக்குறைய 262 ஹெர்ட்ஸ், அதன் பஞ்சமம், அதாவது ‘ப’, 392. இரண்டு கட்டைக்கு மாற்றினால் ஸட்ஜம் 294, பஞ்சமம் 440. நான்கு எண்ணும் வேறு வேறுதான். ஆனால் எந்தக் கட்டையிலும் பஞ்சமம் ஸட்ஜத்தைப் போல ஒன்றரை மடங்கு. மூளை மெட்டை இப்படி விகிதங்களாக, ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு எவ்வளவு ஏற்றம், எவ்வளவு இறக்கம் என்றுதான் பிடித்துவைக்கிறது. ஆறு மாதக் குழந்தைக்கே இது வருகிறது. பழகிய மெட்டைச் சுருதி மாற்றி வாசித்தாலும் அது தெரிந்த மெட்டு என்றே குழந்தை நடந்துகொள்வதை ஆய்வுக்கூடங்களில் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் பாடியதை இன்னொருவர் திரும்பப் பாடும் ‘கவர்’ பாட்டு என்ற ஒன்று சாத்தியமாவதே இந்தத் திறமையால்தான். இல்லையென்றால் பெண் பாடியதை ஆண் பாடினால் புதுப் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

இதோடு நின்றிருந்தால் யார் பாடினாலும் நமக்கு ஒன்றாகவே இருந்திருக்கும். ஆனால் மூளை இன்னொரு கணக்கும் வைத்திருக்கிறது. 1994-இல் டேனியல் லெவிட்டின் என்ற உளவியலாளர் 46 பேரைக் கூப்பிட்டு, அவரவருக்குப் பிடித்த பாட்டுகளை நினைவிலிருந்து பாடச் சொன்னார். சங்கீதப் பயிற்சி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, சுருதிப்பெட்டியும் கிடையாது. பாடிய இரண்டு பாட்டில் ஒன்றையாவது, பதிவில் இருந்த அதே சுருதியில் தொட்டவர்கள் 40 சதவீதம். குருட்டாம்போக்கில் என்றால் ஏறக்குறைய ஆறில் ஒருவர்தான் தேறியிருப்பார். வேகத்தைப் பார்த்தபோது இன்னும் ஆச்சரியம்: நூற்றுக்கு 72 முறை, அசல் வேகத்துக்கு 8 சதவீதம் முன்னே பின்னேதான். இன்னொரு சோதனையில், பிரபலமான பாட்டுகளிலிருந்து நொடியில் பத்தில் ஒரு பங்கு மட்டும் வெட்டிப் போட்டுக் காட்டினார்கள். அதற்குள் மெட்டு என்று ஒன்று இருக்கவே முடியாது. இருந்தும் பலர் சரியாகச் சொன்னார்கள். குரலின் நயமும் வாத்தியத்தின் நாதமும்தான் காட்டிக்கொடுத்தன.

ஆக நினைவில் ஒரே பாட்டு இரண்டு விதமாகக் கிடக்கிறது. யார் பாடினாலும் மாறாத ஏற்ற இறக்கம் ஒன்று. எந்தப் பதிவைக் கேட்டுக் கேட்டுப் பழகினோமோ, அதன் குரல், சுருதி, வேகம் இன்னொன்று. கவர் பாட்டு முதலாவதைக் கடன் வாங்கிக்கொண்டு இரண்டாவதைப் புதிதாகப் போடுகிறது. கேட்கிறவருக்கு எது முதலில் ஊறியதோ அதுதான் அசல். வருடக் கணக்கெல்லாம் காது பார்ப்பதில்லை.

காது எவ்வளவு கற்பனை செய்துகொள்கிறது என்பதற்கு ஒரு கிளைக்கதை. கொடைக்கு வேப்பமரத்தில் கட்டுகிற ரேடியோ செட் குழாய் ஒலிபெருக்கி இருக்கிறதே, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் பெரிதாக ஒன்றும் வராது. ஆண் குரலோ பல நேரம் 120, 150-இல் ஓடுவது. குழாயிலிருந்து வருவது அதன் மடங்குகள் மட்டும்: 360, 480, 600. இடைவெளி 120 என்று மூளை கணக்குப் போட்டு, வராத 120-ஐ வந்ததாகவே நமக்குக் கேட்க வைத்துவிடுகிறது. அந்தக் காலத்து ஊர்க்காரர்கள் ஆண் குரலில் கேட்ட எத்தனையோ பாட்டுகளின் அடி ஸ்வரம் வேப்பமரத்தில் இல்லை, அவர்கள் தலைக்குள்தான் இருந்தது.

சரி, ஆச்சியின் சிங்கார வேலனுக்கு வருவோம். அது 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படப் பாட்டு. இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு, குரல் எஸ். ஜானகி, நாதஸ்வரம் அம்பாசமுத்திரம் பக்கத்துக் காருகுறிச்சி அருணாசலம். ராகம் ஆபேரி. அதே ஆபேரியில் தியாகராஜரின் ‘நகுமோமு’ நூறு வருடத்துக்கும் மேலாக மூத்தது, கச்சேரி மேடைகளில் பெரிய அந்தஸ்து உள்ள கீர்த்தனை. ஆனால் எங்கள் பக்கத்துக் கல்யாண வீட்டில் அதை வாசிக்க ஆரம்பித்தால், ‘சிங்கார வேலன் சாயல் இருக்கே’ என்று சொல்கிற ஆள்தான் பந்தலில் நிறைய. மூத்தது இளையதன் சாயலாகிவிட்டது! சங்கீதம் தெரிந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். காதின் நியாயப்படி பந்தல்காரர் சொல்வதில் தப்பே இல்லை. அவர் காதுக்கு முதலில் வந்தது எதுவோ அதிலிருந்துதானே அவர் அளக்க முடியும்?

கழுகுமலைக் காவடிச்சிந்தும் இப்படித்தான். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாடியது. அந்த நடையில் பிற்பாடு வந்த பக்திப் பாட்டும் சினிமாப் பாட்டும் ஊரெல்லாம் தெரியும். ரெட்டியார் பெயரைச் சொன்னால் யோசிப்பார்கள்.

வெளிநாட்டில் பதிவுகள் வரிசையாகக் கிடைப்பதால் அங்கே இதைத் துல்லியமாகப் பார்க்கலாம். டாலி பார்ட்டன் தானே எழுதிப் பாடி 1974-இல் வெளியிட்ட ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ அடக்கமான பாட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போல. விட்னி ஹூஸ்டன் 1992-இல் அதைத் தொட்டபோது முதலில் வாத்தியத்தை எல்லாம் நிறுத்திவிட்டு வெறும் குரலில் ஆரம்பித்தார். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்ன மௌனம், ஒரே ஒரு டிரம் அடி, உடனே பாட்டு மொத்தமும் ஒரு முழு ஸ்வரம் மேலே ஏறுகிறது. அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் 14 வாரம் முதலிடம்.

அந்த மௌனம் ஏன் வேலை செய்கிறது என்பதற்கு மூளைக்குள் தடயம் இருக்கிறது. 2011-இல் மாண்ட்ரியால் ஆய்வாளர்கள் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். பிடித்த பாட்டில் உச்சகட்டம் வருவதற்கு முன்பே, எதிர்பார்ப்பிலேயே டோபமைன் என்ற, சந்தோஷத்தோடு தொடர்புள்ள ரசாயனம் சுரக்கத் தொடங்குகிறது. அப்போது சுரப்பது மூளையில் காடேட் என்ற பகுதியில். உச்சகட்டம் வந்து சேரும்போது அக்கும்பென்ஸ் என்ற வேறொரு பகுதியில் சுரக்கிறது. காத்திருப்பதற்கு ஒரு சந்தோஷம், கிடைப்பதற்கு ஒரு சந்தோஷம். மெட்டு ஏற்கெனவே தெரிந்திருந்தால்தான் காத்திருக்கவே முடியும். கைதேர்ந்த நாதஸ்வரக்காரர் பல்லவியின் கடைசி ஸ்வரத்தைப் போடாமல் இழுத்து இழுத்து நிற்பாரே, தவில்காரரும் குச்சியைத் தூக்கியபடி அவர் முகத்தையே பார்ப்பாரே, அங்கே கூட்டம் மொத்தத்துக்கும் நடப்பது இதுதான்.

அரேத்தா பிராங்க்ளின் செய்தது வேறு வகை. ஓட்டிஸ் ரெட்டிங் 1965-இல் பாடிய ‘ரெஸ்பெக்ட்’, வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற ஆண் மரியாதை கேட்கும் பாட்டு. 1967-இல் அரேத்தா அதையே பெண் கேட்பதாகத் திருப்பினார். ஆர்-ஈ-எஸ்-பி-ஈ-சி-டி என்று எழுத்துக்கூட்டிப் பாடும் இடம் அசலில் கிடையவே கிடையாது. இன்றைக்கு அந்தப் பாட்டில் எல்லோருக்கும் ஞாபகம் வருவதே அந்த இடம்தான். ‘ஹல்லேலூயா’ இன்னும் வேடிக்கை. லெனர்ட் கோஹன் 1984-இல் வெளியிட்டது. ஜான் கேல் 1991-இல் வேறு சரணங்களைப் பொறுக்கிப் பாடினார். ஜெஃப் பக்லி 1994-இல் கேல் பாடியதைக் கேட்டுப் பாடினார். ஊருக்கெல்லாம் பிடித்தது நகலின் நகல்.

இப்படிச் சொன்னால், நன்றாகப் பாடியவர் ஜெயித்தார் என்று தோன்றும். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-இலேயே காட்டிவிட்டார்: பொருளில்லாத சொல்லோ, புரியாத எழுத்தோ, முன்பின் தெரியாத முகமோ, அடிக்கடி கண்ணில் பட்டாலே நமக்குப் பிடித்துப்போகிறது. கொடை மூன்று நாளும் டீக்கடை ரேடியோவும் எதை ஓட்டினவோ அது பிடித்தது. ரேடியோ எதை ஓட்டியது? ஏற்கெனவே பிடித்ததை.

இந்தச் சுழலை அளந்தே பார்த்திருக்கிறார்கள். சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூவர் 2006-இல் வெளியிட்ட சோதனையில் 14,341 பேர். யாரும் கேட்டிராத குழுக்களின் 48 பாட்டுகளை இணையத்தில் வைத்தார்கள். ஒரு பிரிவினர் தாங்களாகக் கேட்டு, பிடித்ததை இறக்கிக்கொண்டார்கள். மற்றவர்களை எட்டு உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கினார்கள் என்பதையும் காட்டினார்கள். தனியாகக் கேட்டவர்கள் நடுவாந்தரம் என்று சொன்ன ஒரு பாட்டு, ஓர் உலகத்தில் முதலிடத்துக்குப் போனது. இன்னோர் உலகத்தில் 40-ஆவது இடத்தில் கிடந்தது. மிக நல்ல பாட்டு அடிமட்டத்துக்குப் போவது அபூர்வம், மிக மட்டமானது உச்சிக்குப் போவதும் அபூர்வம். நடுவில் உள்ளவற்றுக்கு எதுவும் நடக்கலாம். அசலும் நகலும் பெரும்பாலும் இந்த நடுவில்தான் மோதிக்கொள்கின்றன என்பது என் எண்ணம்.

கைபேசிக்கு ஆச்சியின் காதைக் கொடுக்க முடியாதா என்றால், முயற்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது. கவர் பாட்டைக் கண்டுபிடிக்கவென்றே வழிமுறைகள் உண்டு. எந்த ஸ்தாயியில் வந்தாலும் எல்லா ஒலியையும் மடித்து 12 ஸ்வரஸ்தானங்களுக்குள் அடக்கிவிடுவார்கள். பிறகு அந்த 12-ஐயும் ஒவ்வொரு கட்டையாகச் சுழற்றிப் பார்ப்பார்கள். சுருதி மாறியிருந்தால் ஏதாவது ஒரு சுழற்சியில் பொருந்திவிடும். வேகம் மாறியிருந்தால் காலத்தை இழுத்தும் சுருக்கியும் ஒட்டவைப்பார்கள். பியானோவுக்கும் கிதாருக்கும் ஓரளவு நன்றாகவே வருகிறது. நாதஸ்வரம் சிரமம். வாயில் வைத்து ஊதும் சீவாளியில் உதட்டை அழுத்தியும் துளையைப் பாதி மூடியும் வருகிற கமகம், ஒரு ஸ்தானத்தில் நிற்காமல் இரண்டுக்கும் நடுவே வழுக்கிக்கொண்டே இருக்கும். அதை 12 பெட்டிகளில் எந்தப் பெட்டியில் போடுவது?

பாரதியிடம் போனால் இந்த வழிமுறையும் கைவிட்டுவிடும். எட்டயபுரத்துக்காரர் ‘சின்னஞ்சிறு கிளியே’ பாட்டுக்குப் பைரவி ராகம், ரூபக தாளம் என்று குறித்து ஸ்வரமும் கொடுத்திருக்கிறார். நாம் முணுமுணுப்பதோ 1951-இல் ‘மணமகள்’ படத்துக்காக சி.ஆர். சுப்பராமன் போட்ட, காபி ராகத்தில் ஆரம்பித்துப் பல ராகங்களில் போகும் ராகமாலிகை. எம்.எல். வசந்தகுமாரி குரல் அதோடு ஒட்டிக்கொண்டது. பைரவியும் காபியும் புழங்கும் ஸ்வரங்கள் பெரும்பாலும் ஒன்றுதான், போகிற பாதை வேறு. பெட்டிக் கணக்கில் உறவு போலத் தெரியும், வரிசையாக ஒட்டிப் பார்த்தால் ஒட்டாது. இங்கே ஏற்ற இறக்கமும் மாறிவிட்டது, குரலும் மாறிவிட்டது. மிச்சம் சொல் மட்டும்தான். கொடுத்த ஸ்வரங்களை மாதிரியாக வைத்துக்கொண்டு மனோபாவப்படி மாற்றிப் பாடுங்கள் என்று பாரதியே பக்கத்தில் குறித்தும் வைத்திருக்கிறார்.